நெல்லிமர வளைவில் மகாராணி

தை மாதக் கடைசி வெள்ளி
போடிநாயக்கனூருக்கு மேலே, மேகத்துக்குக் கொஞ்சம் கீழே

இங்கிலாந்து லீட்ஸ் மாநகர ஆஸ்பத்திரியை ஒற்றை ஊசியால் கட்டி ஆளும் மருமகள் பவதாரணிக்கு, ஏலமலைச் சரிவின் சக்கரவர்த்தியும் ஒரே ஒரு குதிரைக்கு அதிபதியுமான தாய்மாமன் முத்துப்பாண்டி எழுதுவது.

இவ்விடம் நான் சுகம், மகாராணி சுகம். மலைக்கு மட்டும் சளி. வெயில் ஏறும்வரை மூடுபனியைப் போர்த்திக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கிடக்கிறது. பனி எவ்வளவு என்று கேட்டால், அரிவாளால் வெட்டித்தான் பாதை எடுக்கிறேன். அவ்விடம் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று எழுது. நம்ப முயற்சி செய்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்கு மாமா கடுதாசி என்று கேட்டிருந்தாய். போனில் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள், குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்கிறாய். அப்படிப்பட்டவளிடம் ஒரு மனிதன் எப்படிப் பெருமையடிப்பது? கடுதாசிக்குக் குரல் கிடையாது. அதனால்தான் வாரம் ஒரு முறை போடிக்கு இறங்கி, தபாலாபீசுக்கு வேலை கொடுக்கிறேன். அப்படியே ஸ்டேஷன் பக்கம் போய் மதுரை ரயிலையும் பார்த்துவிட்டு வருகிறேன். நீ கிளம்பிய அன்று ரயில் புகை பட்டுத்தான் எனக்குக் கண் கலங்கியது. எஞ்சினில் புகையே வரவில்லை என்று உன் அம்மா எஸ்டேட் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே பார்வை மட்டு.

பங்குனிப் பொங்கலுக்குப் பொதிக்குதிரைப் பந்தயம் உண்டா, இந்த வருடமாவது ஏறுவாயா, பயமாக இருக்கிறதா என்று மூன்று கேள்வியை ஒரே முடிச்சாக முடிந்து அனுப்பியிருக்கிறாய். பந்தயம் உண்டு. ஏறுவேன். பயம் என்று ஏதோ எழுதியிருக்கிறாயே, அது என்ன, அந்த ஊர்க் காய்கறியா?

இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் விழுந்ததாக ஊரில் ஒரு வதந்தி உண்டு. நான் விழவில்லை. நெல்லிமர வளைவில் மகாராணி ஈரச் சருகில் கால் வைத்துச் சறுக்கினாள். பெண்பிள்ளை சிரமப்படும்போது மேலே உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை என்று நான் இறங்கினேன். கொஞ்சம் வேகமாக இறங்கிவிட்டேன். அந்த அதிர்ச்சியில் கேரளா பக்கம் ஒரு தோப்பே தேங்காய் உதிர்த்தது. பாறை மேல் நின்று சிவப்புக் குடையை ஆட்டிக்கொண்டிருந்த நீதான் முதலில் ஓடி வந்தாய். பிறகு இடுப்பில் கம்பி வைத்தார்கள். நீ என் கையைப் பிடித்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கப் பழக்கினாய். நான் நடந்தேன், நீ பறந்தாய். சரியான கணக்குத்தான்.

போன வருடம் பந்தயத்தன்று எனக்குக் கம்பி வலி. அதாவது, வலி என்று சொன்னேன். ஆற்றங்கரையில் பூசாரி குதிரைக்காரன் பேரையும் குதிரை பேரையும் சேர்த்து மூன்று தடவை கூப்பிடுவாரே, அன்றைக்கு 'முத்துப்பாண்டி, மகாராணி' என்று கூப்பிட்டபோது ஆறு மட்டும்தான் பதில் சொன்னதாம். பொதிக்குதிரைக்காரன் சீனிச்சாமி வந்து சொன்னான். இரண்டு வருடம் பதில் வராத பேரை அடுத்த வருடம் கூப்பிடமாட்டார்கள். யாருக்கும் கோபம் இல்லை, வழக்கம் அப்படி. பேர் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால், வருடத்தில் அந்த ஒரு நாள்தான் யாராவது என் பேரை முழுசாகச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

ஒரே ஒரு சிக்கல். பயம் எனக்கில்லை, மகாராணிக்கு. அந்த வளைவு வந்தால் நட்ட கல்லாக நின்றுவிடுகிறாள். அதனால் நானும் சீனிச்சாமியும் ஓர் எல்லை ஒப்பந்தம் செய்திருக்கிறோம். மேலே போகிற அரிசி மூட்டையை வளைவுவரை நான் கொண்டுபோகிறேன், அங்கிருந்து அவன் குதிரைகள் வாங்கிக்கொள்கின்றன. ராஜ்யங்களுக்குள் இதெல்லாம் சகஜம்.

குளிருக்குக் காதை மூடிக்கொள்.

உன் மாமன்,
முத்துப்பாண்டி


மாசி மாதம், சிவராத்திரி கழிந்த மறுநாள்
அதே மேகத்துக்குக் கீழே

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடுதாசியும் கம்பளிக் காலுறையும் வந்து சேர்ந்தன. காலுறை என் காலுக்கு நீளம், மகாராணிக்கு இரண்டு போதாது. போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பயிற்சி மும்முரம். சேணத்தை எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டேன். சாக்கு மெத்தை தைத்துவிட்டேன். ஏறியும் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்திருந்தபோது குதிரை கம்பத்தில் கட்டியிருந்தது என்பது ஒரு சின்ன விவரம். அதைப் பக்கத்து வீட்டு மொக்கம்மாள் பார்த்துவிட்டாள். அவள் வாயில் ஒரு செய்தி விழுந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். மறுநாள் ஏலக்காய் பறிக்கப் போகிற ஜீப்பில் ஏற்றிவிட்டாள். போடிமெட்டு ஏறும்போதே கதை தயார். முத்துப்பாண்டி அண்ணன் கம்பத்தோடு பந்தயம் விடுகிறாராம், கம்பம்தான் ஜெயிக்கிறதாம். சாயங்காலம் இறங்கிய ஜீப்பிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்து, கம்பத்துக்குப் புல்லு போட்டாச்சா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து கண்ணுக்கே தெரியாத ஏதோ துகளைத் தேடப்போவதாகச் சொன்னார்களே, அவர்கள் வந்தால் முதலில் என் தைரியத்தைத் தேடித் தரச் சொல்வேன். அது அதைவிடப் பொடியாக எங்கேயோ கிடக்கிறது. இதை அம்மாவிடம் சொல்லாதே.

போன செவ்வாய்க்கிழமை ஒரு துரோகம் நடந்தது. மொக்கம்மாளின் தம்பி வளைவுக்கு மேலே மேலூரில் எலுமிச்சை பறித்து மூட்டை கட்டி வைத்திருந்தான். சீனிச்சாமியின் குதிரைகள் வேறு லோடுக்குப் போயிருந்தன. மகாராணியைக் கொடு என்று மொக்கம்மாள் வந்து நின்றாள். மகாராணி வளைவைத் தாண்டமாட்டாள், வீண் அலைச்சல் என்று நான் சொன்னேன். மொக்கம்மாள் கேட்டால்தானே. கயிற்றை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, வெற்றிலையை மென்றபடி, ஊரில் யார் வீட்டு மருமகளைப் பற்றியோ முணுமுணுத்துக்கொண்டே முன்னால் நடந்தாள். நான் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே போனேன். வளைவு வந்தது.

மகாராணி நிற்கவில்லை. நின்று பார்க்கக்கூட இல்லை. வாலை ஒரு தடவை ஆட்டினாள், நெல்லிமரத்தடியில் எதையோ ஒரு கடி கடித்தாள், போய்விட்டாள்.

மொக்கம்மாள் திரும்பிப் பார்த்து ஒன்றுதான் கேட்டாள். "என்னண்ணே, நீ வரலயா?"

நான் வளைவுக்கு இந்தப் பக்கமே நின்றிருந்தேன் ஆத்தா. கையைப் பார்த்தேன். கயிறே இல்லாமல் இரண்டு கையும் இறுக மூடியிருந்தன. இத்தனை நாளும் நின்றது அவள் இல்லை. நான் கயிற்றை இழுத்துப் பிடித்திருக்கிறேன், அவள் பாவம், சொன்னதைக் கேட்டு நின்றிருக்கிறாள். இரண்டு வருடமாக என் பயத்துக்கு அவள் பேரை வைத்துக் கூப்பிட்டிருக்கிறேன். அவளும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

சோலி இருப்பதாகச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். சோலி ஒன்றும் இல்லை. வந்து ஆடுபுலி ஆட்டக் கட்டத்தை எடுத்து வைத்தேன். ஆடும் நானே, புலியும் நானே. இரண்டு பேரும் ஏமாற்றினார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து அரிசி போட்டுவிட்டேன் போல, சோறு மிஞ்சிவிட்டது.

நீ கடைசியில் எழுதியிருந்ததைப் படித்தேன். மாமா தனியாகக் கிடக்க வேண்டாம், ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஆடிக்குள் வந்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் எழுதினேன். எழுதிய தாளைக் கிழித்து மகாராணிக்குப் போட்டேன். அவள் தின்னவில்லை. பங்குனி முடிந்து சொல்கிறேன்.

உன் மாமன்,
முத்துப்பாண்டி


பங்குனி, பொங்கல் முடிந்த மூன்றாம் நாள்
போடிநாயக்கனூர் ஸ்டேஷன் பெஞ்சு

என் மருமகள் பவதாரணிக்கு,

பராக், பராக். பங்குனிப் பந்தயத்தில் உன் மாமன் காற்றுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான். மகாராணியின் குளம்படியில் பறந்த தீப்பொறியில் ஊரே பொங்கல் வைத்தது. சீனிச்சாமி என் தூசியைத் தின்று இன்னும் இருமிக்கொண்டிருக்கிறான். மாலை போட்ட கைகளின் நெரிசலில் என் கழுத்து

இதோடு நிறுத்திக்கொள்கிறேன். கடுதாசிக்குக் குரல் கிடையாது என்று எழுதியது தப்பு. நீ இந்நேரம் அங்கேயே நெற்றியைச் சுருக்கியிருப்பாய். நடந்ததைச் சொல்கிறேன்.

காலையில் ஆற்றங்கரைக்கு நடந்தே போனேன், மகாராணியும் கூடவே நடந்தாள். இருபது குதிரை இருக்கும். மொக்கம்மாள் பறிப்புக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். விழுந்தால் தூக்குவதற்கு நாலு ஆள் வேண்டுமே, அதற்காகத்தான் வந்தேன் என்றாள். ஆளுக்கு முன்னால் பேச்சு வந்துவிடும் அவளுக்கு.

பூசாரி கூப்பிட ஆரம்பித்தார். என் பேர் வந்தது. முதல் தடவை வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவை பக்கத்தில் சேணத்தில் இருந்த சீனிச்சாமி என்னைப் பார்த்தான். சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மூன்றாவது தடவை பூசாரி கொஞ்சம் இழுத்துக் கூப்பிட்டார், அடுத்த பேருக்குப் போக மனசில்லாத மாதிரி.

"இருக்கேன்" என்றேன்.

ஏறிவிட்டேன். எப்படி ஏறினேன் என்று கேட்காதே. வாணம் விட்டார்கள், எல்லாரும் பறந்தார்கள். நான் பறக்கவில்லை. கல்யாண ஊர்வலம் மாதிரி போனேன். தூசி அடங்கி, சத்தம் எல்லாம் மேலே போய்விட்டது. ஓடைத் தண்ணீர்ச் சத்தமும் மகாராணியின் மூச்சும்தான். நெல்லிமரம் கண்ணில் பட்டதும் என் கை தானாக இறுகியது. அவள் தானாக நின்றாள்.

இறங்கிவிட்டேன் ஆத்தா. பந்தயத்தின் நடுவில் இறங்கக்கூடாது என்று விதி எதுவும் இல்லை, இதுவரை யாரும் இறங்கியதில்லை என்பதால். திரும்பிக் கீழே நடந்துவிடலாம் என்றுதான் இறங்கினேன். பேர் சொல்லியாகிவிட்டது, அது போதும் என்று ஒரு நியாயம்கூடத் தயார் செய்துவிட்டேன்.

அப்போது அந்தப் பாறையைப் பார்த்தேன். நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து ஒவ்வொரு வருடமும் அதன் மேல் ஏறி நிற்பாய். சிவப்புக் குடையை ஆட்டிக்கொண்டு, "கையை விடு மாமா, கையை விடு" என்று தொண்டை கிழியக் கத்துவாய். கடிவாளத்தை விடச் சொல்கிறாளா, உயிரை விடச் சொல்கிறாளா என்று நான் கேட்பேன். அன்றைக்குப் பாறை மேல் ஓர் ஓணான்கூட இல்லை.

சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. இருந்தால் செய்திருக்கமாட்டேன். பாறை மேல் ஏறி நின்று, உன் குரலை எடுத்து, நானே எனக்குக் கத்தினேன். உன் குரல் எனக்குச் சுத்தமாக வரவில்லை. கழுதை கத்தினது மாதிரி இருந்தது. ஆனால் மகாராணி காதைத் தூக்கி, நான் இருக்கிற பக்கத்தை விட்டுவிட்டு, பாதை வருகிற பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். நீ வருகிறாயாம். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் பார்த்தேன்.

பிறகு ஏறினேன். கடிவாளத்தை அவள் கழுத்தில் தளர்த்திப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன், அதை மறைக்க மாட்டேன். அவள் தன் பாட்டுக்கு வளைவைச் சுற்றி ஏறினாள். நெல்லிக்கிளை ஒன்று என் தலைப்பாகையைத் தட்டிவிட்டது. கண்ணைத் திறந்தபோது பந்தயம் முடிகிற கோயில் மேட்டில் பொங்கல் புகை தெரிந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது பரிசு கொடுத்து முடித்து, கயிற்றைச் சுருட்டி, பாதிப் பேர் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். குறுக்குப் பாதையில் எனக்கு முன்னால் ஏறிவிட்ட மொக்கம்மாள் இலையை என் முன்னால் போட்டு, "எங்கண்ணே போன, கேரளா வழியா வந்தியா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, நிற்கவில்லை. சீனிச்சாமி மட்டும் மகாராணிக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். எல்லை ஒப்பந்தம் ரத்து. நேற்று அரிசி மூட்டையை மேலூர்வரை நானே கொண்டுபோய் இறக்கினேன்.

இப்போது உன் கேள்விக்குப் பதில். மாசியில் எழுதிக் கிழித்த பதில் வேறு. பந்தயத்துக்கு முந்தின நாள் கேட்டிருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். நீ வேலையை விட்டுவிட்டு வரவேண்டாம். கஷ்டப்பட்டுப் படித்து வாங்கின இடம் அது. அங்கே யாரோ ஒரு கிழவனை நீ கையைப் பிடித்து நடக்கப் பழக்கிக்கொண்டிருப்பாய். அவனைப் பாதியில் விடாதே. எனக்கு இங்கே மலை இருக்கிறது, மொக்கம்மாளின் வாய் இருக்கிறது, அடுத்த வருடம் கூப்பிடப் பேர் இருக்கிறது.

ரயில் கிளம்பப்போகிறது. இன்றைக்கும் புகை இல்லை, எனக்குத் தெரிகிறது.

பரணில் இருந்து உன் சிவப்புக் குடையை எடுத்துப் பார்த்தேன். எலி கடித்திருந்தது. போடி டெய்லரிடம் கொடுத்து அதே நிறத்தில் ஒட்டுப் போட்டு வாங்கிவிட்டேன், கம்பிக்கும் எண்ணெய் விட்டிருக்கிறேன். எதற்கு என்று கேட்காதே. பங்குனியில் சில வருடம் மழை வரும்.

எட்டுத் திசையும் உனக்குத் துணை நிற்கட்டும் தாயி. வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
கடைசியாக வந்து சேர்ந்த உன் மாமன்,
முத்துப்பாண்டி