நான் ஒடித்துத் தின்ற நாலு கதிர்

ஐயா,

இன்று காலை க்யிம்யிண்டைங் படகுத்துறையில் ஒரு பர்மாக்காரி மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்தாள். வாசனை மூக்கில் ஏறியதும் மூட்டையை இறக்கிவிட்டு நின்றுவிட்டேன். "மாமா, ஆரம்பிங்க! நேட்டால் ராஜா கதை!" என்று கூட மூட்டை தூக்கும் முத்தையா கூவினான்.

நீங்கள் ராஜா இல்லை. நாற்பது குடிசைக்கு நாட்டாமை; எல்லாரையும் போல மண்வெட்டி பிடித்தவர். இருநூறு ஈட்டிக்காரர்களை உங்களுக்குக் காவல் வைத்தது நான்தான், ரங்கூனுக்கு வந்த பிறகு. உங்கள் பாஷை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்றும் சொல்லிவைத்திருக்கிறேன். ஆப்பிரிக்காவில், நேட்டால் கரும்புத் தோட்டத்து ஒப்பந்தம் முடிந்து, உப்பும் துணியும் சுமந்து விற்க வந்தவனுக்குப் படுக்க இடம் கொடுத்தீர்கள். அதுதான் நிஜம்.

புதுச் சோளத்தை நீங்கள் முதலில் கடிக்காமல் ஊரில் யாரும் கதிரில் கை வைக்கக் கூடாது. எனக்கும் சொன்னீர்கள்: "நாலு நாள் பொறு, வியாபாரி. எல்லாரும் சேர்ந்து தின்போம்." நான் பொறுக்கவில்லை. ஒரு விதவையின் கொல்லையில் நாலு கதிர் ஒடித்து, ஓடைக்கரையில் பச்சையாகவே தின்றேன். பசி என்று எழுதத்தான் கை போகிறது. பசி இல்லை, ஐயா, நாக்கு.

கதிர் ஒடிந்த தட்டைகளைக் கண்டு ஊர் கூடியது. அவள் பிள்ளைகள்தான் தின்றிருக்கும், இனி மழை பொய்த்துவிடும், குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போகட்டும் என்றார்கள். "என் பிள்ளைகள் வாயை முகர்ந்து பாருங்கள்!" என்று அவள் கத்தினாள்.

எல்லாரையும் பேசவிட்டுக் கடைசியில் பேசுவது உங்கள் வழக்கம். "இன்னும் யாருக்காவது சொல்ல இருக்கிறதா?" என்றீர்கள். இரண்டாம் தரம் கேட்டபோது உங்கள் கண் என் மேல் இருந்தது. நான் துணி மூட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

"நான்தான் ஒடித்தேன்," என்றீர்கள்.

ஒருத்தரும் நம்பவில்லை. ஆனால் நாட்டாமை சொல்லை மறுப்பது யார்? அந்த வருஷம் முதல் கதிரை உங்கள் தம்பி கடித்தார். நீங்கள் பெண்டுபிள்ளைகளுக்கெல்லாம் பின்னால் நின்று வாங்கினீர்கள். வாங்கியதில் பாதியை ஒடித்து என்னிடம் நீட்டினீர்கள். நானும் தின்றேன்.

நீங்கள் போய்ச் சேர்ந்த சேதியை அங்கிருந்து வந்த ஆள் போன மாதம்தான் சொன்னான். அதற்குப் பிறகும் நான் திருந்தவில்லை. என் கதையில் எழுந்து நின்று பழியை ஏற்கிறவன் நான். விதவையைக் காப்பாற்றுகிறவன் நான். நீங்கள் என்னை மெச்சுகிறீர்கள். இன்றும் அப்படியேதான் சொன்னேன்.

கேட்டு முடித்த முத்தையா, "அது சரி மாமா, நிஜமாத் தின்ன அந்தக் களவாணிப்பய என்ன ஆனான்?" என்றான்.

மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டே சொன்னேன்: "கப்பலேறி ரங்கூனுக்கு வந்துட்டான்டா. இங்கேதான் மூட்டை தூக்குறான்."

துறையே சிரித்தது. "மாமாவை வாயில ஜெயிக்க முடியுமா!" என்று ஒருத்தன் முதுகில் தட்டினான்.

நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன், ஐயா. சொல்லியும் சொல்லாதவனாகவே இருக்கிறேன்.