பாதி ஊதிய மூச்சு

3.2.1986
மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு டாக்டர் பள்ளிக்கு வந்தார். நோயில்லாதவர்களின் மூச்சையும் தூக்கத்தையும் அளக்கிறாராம். கடத்தூரில் நோயாளிகள் தீர்ந்துவிட்டார்களா, தெரியவில்லை.

புகைப் பழக்கம் உண்டா என்று ஆண்களிடம் மட்டும் கேட்டார். பெண்களுக்குக் கேட்காமலே ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டார். நான் திருத்தவில்லை. திருத்துவேனா?

என் வீட்டுக்காரர் இதே பள்ளியில் கணக்கு வாத்தியார். “தினம் ஒரு பாக்கெட்டுங்க, பத்து” என்றார். பாவம், எட்டுதான். மீதி இரண்டு அவர் சட்டைப் பையிலிருந்து என்னிடம் வந்து, நான் பாடம் நடத்தும் வேதியியல் ஆய்வகத்தின் பின்னறையில் தீர்கிறது. அங்கே எப்போதும் கந்தக நாற்றம், யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பத்தாம் வகுப்புப் பையனிடம் நான் பறிமுதல் செய்த பாக்கெட்டில் ஆரம்பித்தது, மூன்று வருஷம் ஆகிறது. கணக்கு வாத்தியாருக்குக் கழித்தல் வரவில்லை.

பிறகு டாக்டர், முள் வைத்த ஒரு குழாயில் ஊதச் சொன்னார். இவருக்கு முள் ஐந்நூறைத் தாண்டியது. முழுசாக ஊதினால் வாசனை வந்துவிடுமோ என்று நான் பாதிதான் ஊதினேன். இருநூற்று இருபது.

தூக்கத்தைக் குறிக்க ஒரு மாதத்துக்கு நோட்டு தந்திருக்கிறார்.

4.2.1986
டாக்டர் நோட்டில்: நன்றாகத் தூங்கினேன். இந்த டைரியில்: மூன்று மணி நேரம்.

10.2.1986
டாக்டர் மறுபடி வந்து எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“பத்து குடிக்கிற நீங்க நல்லா இருக்கீங்க சார். குடிக்காத டீச்சருக்கு மூச்சு பத்தல. நீங்க விடுற புகையெல்லாம் அவங்க உள்ளதான் போகுது.”

இவர் முகம் செத்துப் போனது. வீட்டுக்கு வந்ததும் பாக்கெட்டை அடுப்பில் போட்டார். “உன் மூச்ச நானே கெடுத்துட்டனே, தீர்த்தம்மா.” உள்ளே ஆறு இருந்தது. ஆறும் எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

13.2.1986
இவர் அந்தப் பக்கம் புரள்கிறார், நான் இந்தப் பக்கம். நீ ஏன் தூங்கவில்லை என்றார். “உங்கள நெனச்சுதாங்க.” சீ, என்ன பொம்பளை நான்.

15.2.1986
நானே கடையில் வாங்கினால் என்ன? டீச்சர் சிகரெட் வாங்கிய சேதி பாலக்கோடு வரைக்கும் போகும்.

17.2.1986
மதியம் சோறு பிசையும்போது இவர் இடது கை காலிச் சட்டைப் பையைத் தடவியது. “நீ நல்லா மூச்சு வுட்டா போதும், நான் தாங்கிக்குவேன்” என்றார்.

முடியல. அழுதுட்டேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன் — சட்டைப் பை, பின்னறை, பாதி ஊதினது.

இவர் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, “அப்ப நான் குடிச்சது எட்டுதானா?”

“ஆமாங்க.”

“மூணு வருசமா பத்துன்னு நெனச்சு பயந்துகிட்டுக் கெடந்தேன்.”

எழுந்து வெளியே போய்விட்டார்.

18.2.1986
பேசவில்லை.

19.2.1986
பேசவில்லை. ஆனால் சிகரெட்டுக்குப் பதிலாக மெல்லும் கிராம்பு டப்பாவை, படுக்கும்போது எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார்.

3.3.1986
டாக்டர் மறுபடி குழாயோடு வந்தார். இன்று முழுசாக ஊதினேன். முந்நூற்று எண்பது. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். “பாத்தீங்களா சார், நீங்க விட்டதும் டீச்சருக்கு மூச்சு திரும்பிடுச்சு. இத எல்லா ஊர்லயும் சொல்லப் போறேன்.”

இவர் என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை. கிராம்பை மட்டும் கடித்தார்.

நானே படிவத்தை வாங்கி ‘இல்லை’யை அடித்து, ‘உண்டு, தினம் இரண்டு. மூன்று வாரமாக இல்லை. போன தடவை பாதிதான் ஊதினேன்’ என்று எழுதினேன். இவருடையதில் பத்தை எட்டாக்கினேன்.

“அப்பவே சொல்லியிருக்கலாமே, டீச்சர்.”

“நீங்க கேக்கலீங்களே.”

டாக்டர் பேனாவை மூடித் திறந்தார். அடுத்து நின்ற தையல் டீச்சர் குள்ளம்மாளிடம், புகைப் பழக்கம் உண்டா என்று முதல் முறையாகக் கேட்டார். அந்தம்மா முந்தானையைத் தடவிப் பார்த்துவிட்டு, “மூக்குப்பொடி கணக்குல வருங்களா?” என்றார்.

4.3.1986
தூக்கம், ஆறு மணி நேரம். டாக்டர் நோட்டிலும் அதையே எழுதினேன்.