பெட்டியின் வாயில் வைத்த பொட்டு

அன்பு குறையாத அத்தானுக்கு,

நேற்று வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து, நெடுநேரம் ஆலோசித்து ஒரு முடிவுக்கு வந்தோம். இந்த ஆயுத பூஜைக்கு உங்கள் காதுப் பெட்டிக்குச் சந்தனத்தை முதுகுப் பக்கம் வைப்பது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. உங்களுக்குத்தான் முதலில் தெரியவேண்டும் என்று எழுதுகிறேன்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் வீரசோழன் ஊர்க்கார நண்பர் துபாயிலிருந்து கொண்டுவந்து தந்தாரே, அந்தப் பெட்டிதான். இரண்டு பெட்டி, நடுவில் கம்பி கிடையாது. ஒன்றில் பேசினால் இன்னொன்றை மாட்டியவர் காதில் விழும். திருச்சுழிப் பக்கம் கிணறு கிணறாக வெடி வைத்து, பாறையோடு தன் காதையும் உடைத்துக்கொண்டவருக்கு வேறென்ன வேண்டும்? நீங்கள் கிணற்றுக்குள், அக்கா மேலே. கல் கூடை ஏறும்போது "ஒதுங்குங்க" என்பாள், ஒதுங்குவீர்கள்.

"ஏலே மாப்ளே, உங்கக்கா ஊருக்குக் கேக்காம என்னய வையிறது இந்தப் பெட்டியிலதான்" என்று சிரிப்பீர்கள்.

அந்த வருஷப் பூஜைக்குக் கடப்பாரை, சம்மட்டி, கயிறோடு பெட்டிகளும் பலகை ஏறின.

"இதுக்குப் பொட்டு எங்கம்மா வைக்க?" என்றாள் அக்கா.

"பேசுறது வாய்தானடி? வாயில வையி" என்றாள் அம்மா.

அக்காவின் விரல் அந்தச் சின்ன ஓட்டைகள்மேல் போனதைப் பார்த்து உங்களுக்குப் புரிந்துவிட்டது. "கெட்டியா அப்பு தாயி. ஒரு நாளாச்சும் வாய மூடிக் கெடக்கட்டும்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம்.

மறுநாள் விஜயதசமி. பூஜையிலிருந்து எடுத்த பெட்டியில் முதல் சொல் மங்கலமாக இருக்கவேண்டும், "கேக்குதா, கேக்குதா" என்று பரீட்சை பார்ப்பது ஆகாது என்று அம்மா சொல்லிவிட்டாள். மத்தியானம் "சாப்பிட வாங்க" என்று தொடங்குவதாக ஏற்பாடு. சகுனத்தில் குறை வைக்கலாமா? நீங்களும் காதில் மாட்டிக்கொண்டு இறங்கினீர்கள். யாரும் பேசாத பெட்டிக்கும் பேச்சு நின்றுபோன பெட்டிக்கும் உள்ளே இருப்பவருக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே, மேலே ஏறிக்கொண்டிருந்த கல் கூடையின் கயிறு பிரிந்தது. அக்கா பார்த்துவிட்டாள். பெட்டியை வாயோடு சேர்த்து "ஒதுங்குங்க, ஒதுங்குங்க" என்றாள். அடுத்த கூடைக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

அந்தக் கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது, அத்தான். உப்பு. அம்மா கண்ணேறு என்கிறாள். "சொன்னேன்டா தம்பி, அவுகளுக்கு ஏன்டா கேக்கல? என்மேல எதும் கோவமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள் அக்கா.

பெட்டியை மாட்ட இப்போது ஆளில்லை. இருந்தாலும் வீட்டுச் சாமானுக்குப் பூஜை உண்டல்லவா? இந்த வருஷம் பலகையிலிருந்து எடுத்ததும் முதல் சொல்லை நானே சொல்வேன். "கேக்குதா" என்பதுதான் அந்தச் சொல். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

காரியம் முடிந்த மறுநாள், ஊசியால் அந்தச் சந்தனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அக்காவைப் பேசச் சொன்னேன். தெருக்கோடியில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரியோடு பிறந்த மாப்ளே