பத்து மிடறு தண்ணீர்

வெள்ளவத்தை
6.12.1988

அன்புள்ள பூரணத்துக்கு,

கொழும்பில் நான் சுகம். கொக்குவிலில் நீயும் அப்படியே இருக்க நல்லூரான் துணை. இதை, நாளை ஊருக்கு வரும் கிறகோரி மாஸ்ரரின் கையில் கொடுத்து விடுகிறேன். தபாலை நம்பினால் திங்கட்கிழமைக்கு முன் வந்து சேராது.

நேற்று ஆஸ்பத்திரியில் சோதனை முடிந்தது. எக்ஸ்ரே படத்தில் கட்டி எதுவும் இல்லை என்று முன்பே சொல்லிவிட்டார்கள். என் ஐயாவைத் தொண்டை அடைத்துக் கொண்டுபோன புற்றுநோய் எனக்கு இல்லை. நேற்றுச் செய்தது உணவுக்குழாயின் அழுத்தத்தை அளப்பது. மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை வயிறு வரை இறக்கி, படுக்க வைத்து, பத்துத் தரம் ஒவ்வொரு மிடறு தண்ணீர் தந்தார்கள். ஒவ்வொரு மிடறுக்கும் ஊசி கடதாசியில் கோடு கீறியது. முப்பது வருடம் காணி அளந்தவனுக்குக் கோடு பார்க்கத் தெரியாதா? மேலிருந்து இறங்க வேண்டிய அலை இல்லை. வயிற்று வாசலில் இறுக்கம் தளரவே இல்லை. டொக்டரும் அதையேதான் சொன்னார். அந்தக் குமட்டலிலும் எனக்குக் கொஞ்சம் பெருமை.

பிறகு குழாயை எடுத்த தாதி எங்கள் பக்கத்து அளவெட்டிப் பிள்ளை, பெயர் அற்புதராணி. எத்தனை காலமாக இப்படி என்று கேட்டாள். ஒன்றரை வருடம் என்றேன்.

"வீட்டிலை தெரியாதோ, ஐயா?"

"விரதம் எண்டு சொன்னனான்."

பூரணம், அதுதான் உண்மை, விரதம் வெறும் சாக்கு. முதலில் வெள்ளி, பிறகு வியாழன், பிறகு பிரதோஷம். சோறு நெஞ்சில் நின்றது. ஐயாவைப் போலப் போகப்போகிறேன் என்று பயந்தேன், சொல்லவும் பயந்தேன். ஊரார் பக்திமான் என்றார்கள். நானும் திருநீற்றை இன்னும் கொஞ்சம் தடிப்பாகப் பூசிக்கொண்டேன். நான் சாப்பிடாத நாளெல்லாம் நீயும் சாப்பிடவில்லை. போன மாதம் சஷ்டியில் கிணற்றடியில் மயங்கி விழுந்தாய். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. வயிற்றுவலிக்கு மருந்தெடுக்க என்று சொல்லித்தான் கொழும்புக்கும் வந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வரும் திங்கள் காலை அந்த இறுக்கத்துக்குள் பலூன் ஒன்றை வைத்து ஊதி விரிக்கப் போகிறார்கள். பெரும்பாலும் சரிவருமாம். எப்போதாவது உணவுக்குழாய் கிழிந்துவிடுமாம். கிழிந்தால் உடனே வெட்டித் தைக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அன்று கார்த்திகைச் சோமவாரம். எனக்காக விரதம் பிடிக்க நினைப்பாய். வேண்டாம். கோயிலுக்குப் போ, விளக்கேற்று. ஆனால் காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போ. சிவன் கோபிக்கமாட்டான், கோபித்தால் என்னைக் கோபிக்கட்டும்.

நான் வந்தாலும் வராவிட்டாலும், இனி என்னைப் பார்த்துப் பட்டினி கிடக்காதே.

இப்படிக்கு,
உன் அன்புள்ள
கனகலிங்கம்