தங்கமீன் ஊரில் மெடாகாத் தொட்டி

ஜூன் 2, திங்கள்

வகுப்புத் தொட்டியில் பெண் மெடாகா மீன் ஒன்று வயிற்றில் முட்டைக் கொத்தோடு நீந்துகிறது! பாசிமணி மாதிரி, உள்ளே தெரியும் முட்டைகள். கத்திக்கொண்டே திரும்பினேன். யாரும் வரவில்லை. வகுப்பே ரியோமாவின் புது மீன் வாரும் வளையத்தைச் சுற்றி நின்றது. காகிதம் ஒட்டிய அந்த வளையம் கிழியாமல் தங்கமீன் வாருவது எப்படி என்று அவன் கை வீசிக் காட்டிக்கொண்டிருந்தான்.

இந்தக் கோரியாமாவில் இதுதான் கதை. ஊரைச் சுற்றித் தங்கமீன் குளங்கள், சாக்கடை மூடியில் தங்கமீன் படம், கடைத்தெருவில் தங்கமீன் வாரும் போட்டி. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத சாம்பல் நிற மெடாகாவை யார் பார்ப்பார்கள்?

ஐந்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் மெடாகா முட்டை பொரிவதை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். தொட்டிக்குப் பொறுப்பு நான். நானாகக் கை தூக்கி வாங்கிய பொறுப்பு.

ஜூன் 4, புதன்

நூலகத்தில் நன்னீர் மீன் புத்தகத்தை மூன்றாவது முறையாக எடுத்தேன். நூலக அக்கா, "இத நீயே வச்சுக்கோயேன்" என்று சிரித்தார்.

மெடாகாவோடு யாரைக் குடிவைக்கலாம்? அயிரை ஒன்று. அது தரையைக் கிளறிக்கொண்டு கீழேயே கிடக்கும், மெடாகா மேலே திரியும், சண்டைக்கு வழியில்லை. சின்ன இறால் சில. ஒரு நத்தை. முட்டை ஒட்டிய பாசியை மட்டும் தினமும் காலையில் தனிக் கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும், ஏனென்றால் பெற்றவையே தின்றுவிடும்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியர் ஹொசொமி சாரிடம் காட்டினேன். "நல்லா இருக்கே யுகாரி" என்றார். படித்தாரா என்று தெரியவில்லை.

ஜூன் 9, திங்கள்

சுசுனே நெகிழிப் பையோடு வந்தாள். உள்ளே சிவப்புத் தங்கமீன். என் நடுவிரலைவிட நீளம்!

அவள் அப்பா வேலை மாற்றலாகி நகோயாவில் தனியாக இருக்கிறார். நேற்று வந்தாராம். கடைத்தெருவில் ஒரே வளையத்தில் இதை வாரினாராம், காகிதம் கிழியவே இல்லையாம். ஆனால் அவர்கள் குடியிருக்கும் மாடிவீட்டில் உயிரினம் எதுவும் வளர்க்கக்கூடாது என்று வீட்டுக்காரர் விதி.

"அதனால இது நம்ம வகுப்புத் தொட்டியில இருக்கட்டும்" என்றாள். பெயர் உமேபோஷி. ஊறவைத்த பழத்தின் பெயரை மீனுக்கு யாராவது வைப்பார்களா?

இன்றைக்கு வாளியில் வைத்திருக்கிறோம். நாளை வகுப்புக் கூட்டம்.

ஜூன் 10, செவ்வாய்

கோபத்தில் வேகவேகமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

பெரிய தாளில் படம் வரைந்து கொண்டுபோனேன். மெடாகாவின் உடம்பு எவ்வளவு, உமேபோஷியின் வாய் எவ்வளவு. தங்கமீனுக்கு வாயில் நுழைவதெல்லாம் சாப்பாடு என்று விளக்கினேன்.

ரியோமா எழுந்தான். அவர்கள் வீட்டுக்குக் குளங்கள் உண்டு. "எங்க குளத்துல முப்பதாயிரம் தங்கமீன் இருக்கு. ஒண்ணுகூட வேற மீனத் தின்னதில்ல."

"உங்க குளத்துல வேற மீனே கிடையாதேடா!"

"அதான் சொல்றேன், தின்னதே இல்ல."

இவனிடம் என்ன பேசுவது?

யாரோ பின்னாலிருந்து, "கோரியாமாவுல பொறந்துட்டு தங்கமீன் வேணாங்கிறா பாரு" என்றார்கள். ஒரே சிரிப்பு. சுசுனே தலையைக் குனிந்துகொண்டாள். உடனே எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் அவளை அடித்துவிட்ட மாதிரி.

பிறகு ஹொசொமி சார் கரும்பலகைக்கு மேலே கை காட்டினார். ஏப்ரலில் நாங்கள் சேர்ந்து எழுதி ஒட்டிய வகுப்புக் குறிக்கோள்: யாரையும் ஒதுக்காமல் எல்லோரும் நட்பாக.

"மீனுக்கும் அது பொருந்தும் இல்லையா?" என்றார்.

"மீனுக்குப் படிக்கத் தெரியாது சார்" என்றேன்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ? ஆனால் உண்மைதானே! வாக்கெடுப்பில் தங்கமீனுக்கு எதிராகத் தூக்கியது என் கை ஒன்றுதான்.

ஜூன் 11, புதன்

எல்லாம் நட்பாகத்தான் இருக்கின்றன. மெடாகாக்கள் மொத்தமும் வடிகட்டிக்குப் பின்னால் ஒரே மூலையில், நெருக்கியடித்துக்கொண்டு, மிக மிக நட்பாக.

ஜூன் 13, வெள்ளி

முட்டை இல்லை. முட்டை ஒட்டிய பாசியும் இல்லை. தண்டு மட்டும் நிற்கிறது. நான் பள்ளிக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தண்ணீர் வேறு கலங்கல். அவ்வளவு பெரிய மீன், அவ்வளவு கழிவு. வடிகட்டி திணறுகிறது.

சாரிடம் சொன்னேன். "தீனி போதலையோ என்னவோ" என்றார். அவ்வளவுதான், மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் யுகாரி வேண்டுமென்றே உமேபோஷியைப் பட்டினி போட்டாள் என்று பேச்சு. சாப்பாட்டோடு பால் பெட்டி கொடுக்க வந்தவள்கூட என் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

நானா? நானா பட்டினி போட்டேன்?

ஜூன் 14, சனி

மழை. எதுவும் எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் தொட்டி முன்னால் சுசுனே நின்றிருந்தாள். அசையவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். உமேபோஷியின் வாயிலிருந்து ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது. மெடாகா வால். கொஞ்ச நேரம் துடித்தது, பிறகு நின்றுவிட்டது.

சுசுனே அழுதாள். நான்கு பேர் ஓடிவந்து அவள் முதுகைத் தடவினார்கள். செத்தது மெடாகா! அதற்காக ஒருவர், ஒரே ஒருவர் —

"சொன்னேன்ல" என்று ஆரம்பித்தேன். சுசுனே நிமிர்ந்து, "நீ சொன்னே. நான்தான் நம்ப வேணாம்னு நெனச்சேன்" என்றாள். அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஹொசொமி சார் தொட்டியை வெகுநேரம் பார்த்தார். "யுகாரி, உன் தாள இன்னொரு தடவ குடு" என்றார். இந்த முறை படித்தார்.

ரியோமா நல்ல மனதோடுதான் சொன்னான்: "எங்க குளத்துல விட்டுரு. எங்கப்பா ஒண்ணும் சொல்லமாட்டாரு."

"முப்பதாயிரத்துல என்னோடது எதுன்னு அப்புறம் எப்படிடா கண்டுபிடிப்பேன்?" என்றாள் சுசுனே. "அடுத்த தடவ அப்பா வந்து கேட்டா எதக் காட்டுவேன்?"

சார் ஜன்னலைப் பார்த்தார்.

"எங்க வீட்டு பால்கனியில இருக்கட்டும்."

யார் சொன்னது என்று பார்த்தால் நான். அம்மாவிடம் கேட்கவே இல்லை.

ஜூன் 18, புதன்

அம்மா: "அடுத்தவங்க மீனுக்கு நீ எதுக்குடி முந்திக்கிட்டு நிக்கிற? துணி காயப்போடுற எடத்துலயா?"

அப்பா மீன்கடையில் தெர்மாகோல் பெட்டி இலவசமாக வாங்கிவந்தார். இரண்டு முறை தேய்த்துக் கழுவியும் கானாங்கெளுத்தி வாடை போகவில்லை. உமேபோஷிக்கு அதெல்லாம் பொருட்டில்லை. இறக்கிவிட்டதும் தீனி கேட்டு வாயைத் திறந்தது.

ஜூன் 20, வெள்ளி

சுசுனே பள்ளி முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வருகிறாள். மூன்று நாளாக. கைநிறையத் தீனி கொட்டுகிறாள். "தங்கமீனுக்கு வயிறு நெறைஞ்சது தெரியாதுடி, தண்ணி கெட்டுப்போகும்" என்றால், "பாவம், என்னையே பாக்குதே" என்கிறாள். எத்தனை தடவை சொல்வது? புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவள் உமேபோஷிக்கும் கேட்கட்டும் என்று புத்தகத்தைப் பெட்டிப் பக்கம் திருப்பி வைத்தாள்.

ஜூன் 24, செவ்வாய்

வகுப்புத் தொட்டியில் அயிரை வந்துவிட்டது. மணலில் புதைந்து மூக்கை மட்டும் நீட்டுகிறது. மிஞ்சிய மெடாகாக்கள் மூலையை விட்டு வெளியே வந்துவிட்டன.

ஆனால் இப்போது வேறு தொல்லை. ஆமை போடலாமா, நண்டு போடலாமா, வீட்டிலிருக்கும் இரண்டு வெள்ளெலி சண்டை போடுகிறதே என்ன செய்வது — இடைவேளை முழுக்க என் மேசையைச் சுற்றி வரிசை. ரியோமா கொண்டுவந்தது ஒரு பெரிய நன்னீர் இறால். கொடுக்கைப் பார்த்தேன், வேண்டாம் என்றேன். "சரி" என்று எடுத்துப்போய்விட்டான். வாதாடவே இல்லை! எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஜூன் 26, வியாழன்

முட்டை! இந்த முறை கிண்ணத்துக்கு மாற்றிவிட்டேன். நுண்ணோக்கியில் முதலில் பார்த்தது சார்.

ஜூன் 29, ஞாயிறு

சுசுனேயின் அப்பா இன்று உமேபோஷியைப் பார்க்க வருவதாக இருந்தது. அம்மா காலையிலேயே துணிக்கொடியைக் காலிசெய்து பால்கனியைப் பெருக்கினார். நான் தண்ணீர் மாற்றிவைத்தேன்.

மதியம் தாண்டி செய்தி வந்தது. வேலை. அடுத்த மாதம் பார்க்கலாமாம்.

சுசுனே அழவில்லை. பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து, தீனியை ஒவ்வொரு மணியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம். அது மிக அதிகம் என்று எனக்குத் தெரியும். தண்ணீரை நாளைக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் அம்மா யாரையும் கேட்காமல் நான்கு கிண்ணத்தில் சோறு போட்டார். சுசுனே தொலைபேசியில் அவள் அம்மாவிடம், "இன்னிக்கு யுகாரி வீட்டுல சாப்புடுறேன். ம்... ஆமா. இல்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள்.

எங்கள் வீட்டில் விருந்தாளிகள் வீட்டுக்குள் போடும் செருப்பு பெரியவர்கள் அளவு. அவள் நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் கழன்றுகொள்கிறது, எடுத்து மாட்டுகிறாள், மறுபடி கழல்கிறது. பார்க்கவே எரிச்சல். நாளை பள்ளிவிட்டு வரும்போது அவளைக் கடைக்குக் கூட்டிப்போய் அவள் அளவில் ஒன்று வாங்க வேண்டும்.