பதில் போடாத மெட்டு

இன்று காலை உன் வகுப்பறையில் ஹார்மோனியத்தைத் திறந்தேன். விடுமுறை முழுக்கப் பூட்டிக் கிடந்ததில் துருத்தியிலிருந்து ஈர வாடை அடித்தது. நீ இருந்திருந்தால், "இது பெட்டி இல்லடி, மழையில நனைஞ்ச கம்பளி" என்று சிரித்திருப்பாய். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தேன்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நமக்கு ஒரே அறை. பிறகு எனக்குப் பதுளை நகரத்துப் பள்ளிக்கூடம் கிடைத்தது, உனக்கு ஹாலிஎலவுக்கு மேலே இந்தத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். நான் பரீட்சைக்கு வருவதைச் சொல்லிக்கொடுத்தேன். ராக லட்சணம், தாள அங்கம், எல்லாம் மனப்பாடம். நீயோ பத்தாந்தரத்துப் பிள்ளைகளைச் சொந்தமாக மெட்டுப் போட வைத்தாய். ச, ரி, க மட்டும் போதும் என்பாய். ஆதி தாளத்தில் ஒரு சுற்று கேள்வி, அடுத்த சுற்று அதற்குப் பதில். கேள்வி அந்தரத்தில் நிற்க வேண்டும், பதில் ச என்ற சட்ஜத்தில் வந்து இறங்க வேண்டும். "வீட்ல பேசுற மாதிரிதான், போடுங்க புள்ளைகளா."

ஒரு நாள் உன் வகுப்பைப் பார்க்க வந்திருந்தேன். தர்ஷினி எழுந்து தன் மெட்டைப் பாடினாள். அவளுடைய அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். கேள்வியைப் பாடி ரியில் நிறுத்தியவள், அதோடு உட்கார்ந்துவிட்டாள்.

"பதில் எங்கம்மா?"

"போடல டீச்சர்."

"ஏன், வரலியா?"

"எப்ப வருவீங்கன்னு அம்மாகிட்ட கேட்டா, பாப்போம், பாப்போம்னுதான் சொல்றாங்க. அதான் போடல."

நானாக இருந்தால் சட்ஜத்தில் முடித்துக் காட்டியிருப்பேன். நீ ஹார்மோனியக் கட்டைகளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாய். "சரிம்மா, அப்படியே இருக்கட்டும். பதில் வரும்போது போட்டுக்கலாம்" என்றாய். பிறகு வகுப்பு முழுவதையும் அதைப் பாட வைத்தாய். அவள் தலை குனிந்தபடியே தாளம் போட்டாள்.

அந்த வருடக் கடைசியில் உன் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் கொண்டுவந்த கஞ்சியை அப்படியே வைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பற்றியே கேட்பாய். ஒரு தடவை அவர்கள் பாடியதை என் போனில் கேட்க வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு போர்வையில் விரலால் தாளம் போட்டாய்.

"ரெண்டாவது சுத்துல தாளத்த விட்டு ஓடுதுங்க. புடிச்சு வைக்கச் சொல்லு."

கொஞ்ச நேரம் கழித்து, "நான் இல்லாட்டி இதுங்கள யார்டி மெட்டுப் போட விடுவா?" என்றாய்.

"நீயே போயி விடுவ."

"பொய் சொல்லாதடி" என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய்.

பொங்கலுக்கு முன்னாலேயே போய்விட்டாய். பிள்ளைகள் வெள்ளை யூனிஃபார்மில் வந்து வரிசையாக நின்றார்கள். பாடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவர்களும் பாடவில்லை. நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கேட்டபோது, "டவுனை விட்டுட்டு யாராச்சும் மேல போவாங்களா?" என்று வீட்டில் சண்டை. போய்த்தான் ஆக வேண்டும் என்றேன்.

தர்ஷினியின் அம்மா போன வாரம் ஊர் வந்து சேர்ந்துவிட்டாள். இன்று வகுப்பில் தர்ஷினியைக் கூப்பிட்டேன்.

"அம்மா வந்துட்டாங்களே, இப்ப பதில் போடலாமா?"

"வேணாம் டீச்சர்."

"ஏன்மா?"

"இப்ப அது அம்மாவுக்கு இல்ல."

அவள் உன் ஹார்மோனியத்தைப் பார்த்தாள். அடுத்த பாடத்துக்குச் சுருதி பிடித்து, துருத்தியை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் தாங்களாகவே தாளம் போட்டபடி எனக்காகக் காத்திருந்தார்கள்.

சாயங்காலம் சோறு வடிக்கும்போது அந்த மெட்டு என் வாயில் வந்தது. "யார் பாட்டும்மா இது?" என்று மகள் கேட்டாள்.

"என் கூட்டாளி வகுப்புல ஒரு புள்ள போட்டது."

"செத்துப் போனாங்களே, அந்த டீச்சரா?"

அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து முதல் சுற்றைச் சொல்லிக்கொடுத்தேன்.