மிச்சத்தை நீயே சொல்லு

அன்புள்ள வாயாடிக்கு அப்பா எழுதுறது,

இங்கே நான், அம்மா, தம்பி மூணு பேரும் சுகமா இருக்கோம், நீயும் அப்படியே இருப்பேன்னு எழுதத்தான் ஆசை, ஆனா ஞாயித்துக்கிழமை போன்ல நீ பேசின பேச்சைக் கேட்டப்புறம் அப்படி எழுத மனசு வரல. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல இப்போ அவளை உட்கார்ந்து துணி மடிக்கிற மேஜைக்கு மாத்திட்டாங்க, அவளே போய்க் கேட்டு வாங்கினது, அதைத் தினமும் எனக்கு ஒரு தடவையாவது சொல்லிக் காட்டலேன்னா அவளுக்குச் சோறு இறங்காது. தம்பி கார் ஓட்டக் கத்துக்கிறேன்னு மாமாவோட வண்டியை எடுத்து கேட்ல மோதிட்டு, கேட்தான் குறுக்கே வந்துச்சுங்கிற மாதிரி பேசிக்கிட்டு திரியுறான். எங்க பேக்கரிக்குப் புது அடுப்பு வந்திருக்கு, பட்டனைத் தட்டினா தானா சூடாகி தானா நிக்குது, ஆனாலும் ரொட்டி ஒரு பக்கம் கருகுது, முதலாளி என்னை முறைக்கிறார், நான் அடுப்பை முறைக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். அப்பா நீங்க இங்கேயே வந்து ரூம் எடுத்துத் தங்கிடுங்க, பள்ளிக்கூடத்துல மாதிரி நீங்களே என் கூட உட்கார்ந்து எழுதிக் குடுங்க, இல்லேன்னா படிப்பை விட்டுட்டு ஊருக்கு வந்துடுறேன்னு நீ அழுதுக்கிட்டே சொன்னே. எனக்கு அன்னிக்கு வேற எதுவும் ஓடல. மறுநாளே முதலாளிகிட்ட லீவு கேட்டேன், அவரும் முகத்தைச் சுளிச்சுக்கிட்டே சரின்னுட்டார். அம்மா மட்டும் வாயே திறக்கல, அவ பேசாம இருந்தா வீட்டுல ஏதோ வரப்போகுதுன்னு உனக்குத் தெரியும்ல. நீ அனுப்பின விடைத்தாள் போட்டோவை அன்னிக்கு சாயங்காலம்தான் கண்ணாடி போட்டுக்கிட்டு உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததும் எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல, ஒரு பதில்கூட முழுசா இல்ல, எல்லாம் பாதியில நிக்குது, பரீட்சையில நீ சொல்லச் சொல்ல எழுதித் தர காலேஜ்ல குடுத்த அந்தப் பொண்ணு தூங்கிக்கிட்டே எழுதினாளான்னு நீ கேட்டது நியாயம்னுதான் எனக்கும் தோணுச்சு.

உடனே உங்க காலேஜ்ல மாற்றுத்திறனாளி மாணவர்களைக் கவனிக்கிற அந்த ஆபீஸுக்குப் போன் பண்ணி கத்தினேன். கோவிச்சுக்காதே, கத்தத்தான் செஞ்சேன். போனை எடுத்த மேடம் ரொம்பப் பொறுமையானவங்க. உங்க பொண்ணு விஷயத்தை உங்ககிட்ட பேச எனக்கு உரிமை இல்ல சார், அவங்க பதினெட்டு வயசு முடிஞ்சவங்க, அவங்கதான் வந்து பேசணும்னாங்க. பெத்தவன்கிட்டயே இப்படியான்னு எகிறினேன், அதுக்கும் அதே பதில்தான். பொதுவா ஒண்ணு சொல்றேன்னு மட்டும் சொன்னாங்க, எழுதித் தர்றவங்க யாரா இருந்தாலும் மாணவர் வாயால வந்ததை மட்டும்தான் எழுதணும், ஒரு வார்த்தை கூட்டினாலும் அந்தப் பரீட்சை செல்லாது, அதனாலதான் முன்னாடியே ரெண்டு பேரையும் உட்கார வெச்சுப் பழகச் சொல்றோம்னாங்க. நீ அந்தப் பயிற்சிக்கே போகலேன்னு எனக்கு அப்பத்தான் சந்தேகம் வந்துச்சு. போனியா நீ?

போனை வெச்சுட்டு நான் புலம்பிக்கிட்டு இருந்தப்போதான் அம்மா முதல் தடவையா வாயைத் திறந்தா. அந்தத் தாளைச் சத்தமாப் படிங்கன்னா. படிச்சேன். முதல் பதில் பாதியில நின்னுச்சு, நான் நிக்கல, மிச்சத்தை என் வாய் தானாச் சொல்லி முடிச்சுடுச்சு. ரெண்டாவதும் அப்படியே. அம்மா தலையில அடிச்சுக்கிட்டுச் சிரிச்சா பாரு, எனக்கு முதல்ல ஒண்ணும் புரியல. அப்புறம்தான் உறைச்சுது. காலையில ரொட்டி வேலை முடிச்சு மாவு சட்டையோட வந்து உன் பக்கத்துல உட்காருவேன்ல, தலைமை ஆசிரியை பெரிய மனசு பண்ணி வீட்டுப்பாடம், டெஸ்ட்டு எல்லாத்துக்கும் என்னையே எழுத விட்டாங்கல்ல, அப்போ நீ பாதி சொல்லிட்டு என் முகத்தைப் பார்ப்பே, நான் மிச்சத்தை எழுதிட்டு நிமிர்வேன், நீ அடுத்ததுக்குப் போயிடுவே. நமக்கு அது ஒரு பேச்சு முறை மாதிரி ஆயிடுச்சு. நீ அந்தப் பொண்ணுகிட்டயும் பாதி சொல்லிட்டு முகத்தைப் பார்த்திருக்கே. அவளும் பாவம், சட்டப்படி பேனாவை வெச்சுட்டு உன் முகத்தைப் பார்த்திருக்கா. ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டே பரீட்சை முடிஞ்சுபோச்சு. நினைச்சா எனக்குச் சிரிப்பும் வருது, வயித்தெரிச்சலாவும் இருக்கு.

அந்தப் பொண்ணை மாத்தச் சொல்லி மனு கொடுக்கப் போறேன்னியே, அதைச் செய்யாதே. முதல்ல அவகிட்ட போய் நடந்ததைச் சொல்லு, அவ சிரிச்சாலும் பரவாயில்ல. கூடுதல் நேரம், தனி ரூம், வகுப்புல பேசறதைப் பதிவு பண்ணிக்கிற அனுமதி எல்லாம் கேட்டு வாங்கிக்கோ. கையைப் பத்தி ஒவ்வொருத்தர்கிட்டயும் விளக்கிச் சொல்றது வெட்கமா இருக்குன்னே, இருக்கும்தான், இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். உன் விரல் பேனாவைப் பிடிக்காது, அவ்வளவுதானே, அதை ஒரே மூச்சுல சொல்லிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிடு. பரிதாபப்பட்டு உச்சுக்கொட்டுறவங்க கொட்டட்டும், நீ அதுக்குள்ள உன் வேலையைப் பாரு. காலேஜ் குடுக்கிறது யாரும் பிச்சை போடுறது இல்ல.

நான் வரல, கண்ணு. லீவையும் வேண்டாம்னு சொல்லிட்டேன். அம்மா சொல்லித்தான்னு நினைச்சுக்காதே. அன்னிக்கு அந்தத் தாள்ல முதல், ரெண்டாவது, மூணாவது எல்லாம் பள்ளிக்கூடத்துல உனக்கு நான் எழுதின பாடம்தான், சும்மா சரசரன்னு முடிச்சேன்ல, நாலாவது பதிலுக்கு வந்தேன். மழை நின்ன பிறகும் பூமிக்கடியில பாறை இடுக்குல இருக்கிற தண்ணி நகர்ந்துக்கிட்டே இருக்கிறதுக்குக் காரணம், அப்படின்னு சொல்லி நிறுத்தியிருக்கே. நான் வாயைத் திறந்தேன், ஒண்ணுமே வரல. இன்னொரு தடவை படிச்சேன், அப்பவும் வரல. தம்பியைக் கேட்டேன், அவன் ஏதோ உளறினான். அம்மா என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா, அவளும் சிரிக்கல. நான் அங்கே வந்து உன் பக்கத்துல உட்கார்ந்தாலும் அந்த இடத்துல நானும் பேனாவை வெச்சுட்டு உன் முகத்தைத்தான் பார்க்கணும். எனக்குக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா அன்னிக்கு நல்லாத் தூங்கினேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிர்ல ஜன்னலைத் திறந்து போட்டுட்டுத் தூங்காதே. அம்மாவோட ஆசீர்வாதமும் என்னோட ஆசீர்வாதமும் எப்பவும் உனக்கு உண்டு, நல்லா இரு. ஒண்ணே ஒண்ணு மட்டும் மறக்காதே, அந்தத் தண்ணி ஏன் நகருதுன்னு தெரிஞ்சுக்காம இங்கே மூணு பேரும் உட்கார்ந்திருக்கோம். போன்ல சொல்லாதே. அந்தப் பொண்ணுகிட்ட கடைசி வார்த்தை வரைக்கும் சொல்லி, அவ கையெழுத்துல எங்களுக்கு ஒரு கடிதமா அனுப்பு.

இப்படிக்கு,
உன் அப்பா